கொக்கிளாய்க் களப்பின் இரண்டு கரைகள்

கொஞ்சம் நீளமான பதிவு இது. வேலை முடித்து ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு கிழமையாக எங்கட ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே வாக்குவாதம். "காட்டுக்குள்ள டிப்பர் போகுது, ஆற்றைக் கிண்டுறாங்கள், நிப்பாட்டுங்கோ" என்று ஒரு பக்கம். "நிப்பாட்டினா எங்கட பெடியங்களுக்கு வேற என்ன தொழில்? வனவளக்காரன் எங்கட காணிக்குள்ள கல்லைப் போட்டிட்டு நிக்கிறான், அவனுக்கா நீங்கள் சப்போட்?" என்று மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிலர் என்னிடம் படித்தவர்கள். நான் சரித்திரம் படிப்பிப்பவன். யார் சரி என்று சொல்ல முன்னர், இந்தச் சண்டை எங்கே தொடங்கியது என்று பார்ப்பதுதான் என் பழக்கம்.

அதற்கு வசதியான இடம் கொக்கிளாய்க் களப்பு. முல்லைத்தீவு மாவட்டமும் திருகோணமலை மாவட்டமும் சந்திக்கும் இடம். வடக்குப் பக்கம் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய். தெற்கே புல்மோட்டை. எங்களில் பலருக்குப் புல்மோட்டையில் சம்பந்த வீடு இருக்கிறது. போய் வந்திருப்பீர்கள்.

1951 மே மாதத்தில் இந்தக் களப்பு சரணாலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க, வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது நடந்தது. பரப்பு ஏறத்தாழ 2,000 ஹெக்டேயர். மாரி காலத்தில் வந்திறங்கும் நீர்ப்பறவைகளும் கண்டல் காடும் காரணம்.

ஆறே வருடம் கழித்து, 1957இல், அரச கைத்தொழில் கூட்டுத்தாபனங்கள் சட்டம் வந்தது. அதன் கீழ் உருவானதுதான் இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம். 1960களின் தொடக்கத்தில் புல்மோட்டைக் கரையில் இல்மனைட் பிரிக்கும் வேலை தொடங்கியது. ஒரே நாட்டின் அரசு, ஒரே களப்பின் பக்கத்தில், ஒரு கையால் "இதைத் தொடாதே" என்று பலகை நட்டது, மறுகையால் மண்வெட்டியை எடுத்தது. இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அரசாங்கம் என்றால் பல கந்தோர்கள். ஒரு கந்தோரின் கோப்பை மறு கந்தோர் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு முடிவுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கரைவலை இழுத்தவனையும் களப்பில் இறால் பிடித்தவனையும் கூப்பிட்டு இருத்திக் கேட்டு எடுத்த முடிவுகள் அல்ல அவை. அந்தக் காலத்துச் சட்டத்தில் அப்படிக் கேட்க வேண்டும் என்ற கடமையே இல்லை.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புல்மோட்டைக் கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், மணல் அங்கே கறுப்பு. வெயிலுக்கு வெறுங்காலோடு நிற்க ஏலாது. ஒரு சிரட்டை அள்ளிப் பாருங்கள், சாதாரண மணலை விடப் பாரம். அதில் பெரும்பங்கு இல்மனைட். அதோடு ரூட்டைல், சிர்க்கோன். இல்மனைட்டில் இருந்து எடுக்கும் டைட்டேனியம் டையொக்சைட்டுத்தான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டுக்கும் கடதாசிக்கும் பற்பசைக்கும் வெண்மை கொடுக்கிறது. எங்கட கறுப்பு மண்ணில்தான் ஊருலகத்தின் வெள்ளை இருக்கிறது.

இது எப்படி அங்கே வந்தது? உள்நாட்டுப் பாறைகள் இலட்சக்கணக்கான வருடங்களாகத் தேய்ந்து, ஆறுகள் அந்தத் துகளைக் கடலுக்குக் கொண்டுவந்தன. வாடைக்காற்றுக் காலத்து அலை அதைக் கரையில் போட்டுக் கொழிக்கிறது. உம்மாமார் சுளகில் கொழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். லேசானது பறந்து போகும், பாரமானது நிற்கும். அதே வேலையைக் கடல் செய்கிறது. வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய், பாரமான கறுப்பு மணலை விட்டுவிட்டுப் போகிறது. அதனால் அள்ளிய இடத்தில் அடுத்த மாரிக்கு மீண்டும் கறுப்பு மண் வந்து படிகிறது. உலகத்தில் எல்லாச் சுரங்கத்துக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் இது ஆறும் அலையும் தங்கள் வேலையைச் செய்தால்தான் நடக்கும். ஆற்று மணலை மேலேயே அள்ளி முடித்தால் கடலுக்குக் கொழிக்க என்ன இருக்கும்? இதைப் பிறகு பேசுவோம்.

கூட்டுத்தாபனம் புல்மோட்டைக்குக் கெடுதல் மட்டும் செய்தது என்று எழுதினால் பொய். மாதச் சம்பளம் என்ற ஒன்றை அந்தப் பக்கத்துக்கு முதலில் கொண்டுவந்தது அதுதான். தகப்பனார் "இல்மனைட்டில் வேலை" என்றால் கலியாணப் பேச்சில் ஒரு படி உயரம். அந்தச் சம்பளத்தில் படித்து ஆசிரியர்களானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அறுபது வருடங்களாக இந்த மண் பெரும்பாலும் மண்ணாகவே கப்பல் ஏறுகிறது. பெயின்டுக்குரிய வெண்தூளாக்கும் ஆலை இங்கே வரவில்லை. விலையில் பெரிய பங்கு அந்த ஆலையில்தான் பிறக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது அள்ளுகூலி.

இனி மறுபக்கத்துக் கோட்டுக்கு வருவோம். காட்டைச் சுற்றிப் போட்ட கோட்டின் கதை 1951க்கு வெகு முந்தியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க, முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டத்தை வகுப்பில் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் கோப்பித் தோட்டத்தோடு சேர்த்துப் பாடமாக்கிவிட்டு மறந்துபோவார்கள். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கும் வரை, முடிக்குரியது என்று அந்தச் சட்டம் ஊகித்தது. நிரூபிக்க வேண்டியவன் குடியானவன். மலைநாட்டில் அது கோப்பித் துரைமாருக்குக் காணி கொடுக்க உதவியது. வன்னியில் துரைமார் வரவில்லை. ஆனால் சட்டம் வந்தது. சேனை வெட்டி, நாலைந்து வருடம் விட்டு, திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறவனுக்கு, விட்ட வருடங்களில் காணி அவனுடையது இல்லை என்றாகிவிட்டது. 1907இல் காட்டுக் கட்டளைச் சட்டம் அதன் மேல் இன்னொரு மாடி கட்டியது.

வன்னிக் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், நடுக்காட்டில் குளக்கட்டு இருக்கும். கட்டின் மேல் பாலையும் வீரையும் நிற்கும். யாரோ உழுது விதைத்து, பிறகு விட்டுப்போன இடம். காடு என்பது மனிதன் இல்லாத இடம் என்ற எண்ணம் கந்தோரில் பிறந்தது. எங்கள் ஊரில் காடு என்பது மனிதன் போய்வருகிற இடம். சில சமயம் போய், நெடுங்காலம் வராத இடம்.

அந்த "வராத காலம்" எங்களுக்கும் வந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்த் தமிழ் மக்கள் இராணுவ நடவடிக்கைகளால் ஊரைவிட்டுப் போனார்கள். 1990 ஒக்டோபரில் எங்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் வெறுமையாகின. பிறகு 2009 வரைக்கும் வன்னி முழுவதுமே ஓடிக்கொண்டிருந்தது. இந்த வரிசையை யாரையும் குத்துவதற்காக எழுதவில்லை. காணி விஷயத்தில் இந்த மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஆள் இல்லாத வளவில் முதலில் நாயுண்ணி, பிறகு வீரை. கண்ணிவெடிக்குப் பயந்து கோடரியும் போகவில்லை.

கரையிலும் வேலை நின்றது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. முந்திய வருடமும் அங்கே ஒரு கப்பல் தாக்கப்பட்டிருந்தது. ஏற்றுமதி முடங்கி, பிரித்த மண் மலைமலையாகக் கிடந்தது. 2004இல் சுனாமி வந்தது. மணல் திட்டி கடலுக்குப் போட்ட வேலி என்பதை முல்லைத்தீவுக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் தலைமுறை வளர்ந்தது புத்தளத்தில். அருவாக்காட்டில் வெட்டிய சுண்ணக்கல்லை ரயிலில் ஏற்றிப் பாலாவிச் சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோவதைப் பார்த்தே வளர்ந்தோம். வில்பத்துவின் ஓரத்தில் அகழ்வு, மறுபுறம் அகதி முகாம். "யானைக்காடு" என்று சொன்ன இடத்தில் வெடி வைக்கிறார்களே என்று சின்ன வயதில் ஒரு குழப்பம். காட்டுக் கோட்டைத் தாண்டி ஒரு கட்டு விறகு எடுத்தவன் கோட்டில் ஏறினான், கல்லை எடுத்த கொம்பனியிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. இரண்டுமே சட்டப்படி சரி. அதுதான் குழப்பம்.

போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது எங்களுக்கு முன் வர்த்தமானி வந்துகொண்டிருந்தது. மன்னார் தெற்கில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காடுகள் 2012 ஒக்டோபரில் வன ஒதுக்காக அறிவிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்ட மக்கள் அப்போது முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் யாரும் தேவையில்லை, அங்கேயுள்ள பழைய பள்ளிவாசல் அடிவாரங்களே சொல்லும் அது ஊர் என்று. 1938இல் இருந்து சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 ஜூனில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2017இல் நாயாறும் நந்திக்கடலும் இயற்கை ஒதுக்குகளாயின.

இந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. பலருக்கு இந்த வேறுபாடு தெரியாததால்தான் கூட்டங்களில் தடுமாறுகிறோம். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசிய பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும், உள்ளே போகவே அனுமதி வேண்டும். இயற்கை ஒதுக்கில் பாரம்பரியத் தொழிலுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. நந்திக்கடல் மீனவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது. 1993இல் கொண்டுவந்த திருத்தப்படி தேசிய ஒதுக்கு ஒன்றின் எல்லையில் இருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி தேவை. ஆனால் சரணாலயம் தேசிய ஒதுக்கு என்ற வகைக்குள் வராது. அதாவது மீனவனை அதிகம் கட்டுப்படுத்தும் கோடுகள் புதிதாக வந்துகொண்டிருக்க, கனிம மணல் அகழ்வுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கொக்கிளாய்க்கு அந்த ஒரு மைல் வேலி இன்றும் இல்லை.

அதனால்தான் போருக்குப் பின் அகழ்வைக் கொக்கிளாய்ப் பக்கம் விரிக்கும் பேச்சு வந்தபோது அங்குள்ளவர்கள் பதறினார்கள். மீள்குடியேறி மூச்சுவிட்ட கையோடு, காணி போய்விடும், கரைவலைப் பாடு போய்விடும் என்று வீதிக்கு வந்தார்கள். அவர்களின் பயத்தை அபிவிருத்திக்கு எதிரானது என்று சொல்வது நியாயமில்லை. பாடு என்பது வலை இழுக்கும் இடம் மட்டுமல்ல. எந்தக் குடும்பம், எந்த நாள், எந்த இடம் என்று தலைமுறைகளாகப் பேசித் தீர்த்த ஒழுங்கு. கரையின் சரிவு மாறினால் அந்த ஒழுங்கு முழுவதும் குலையும். எந்தத் திணைக்களத்தின் வரைபடத்திலும் அது இல்லை.

சரி, காட்டுக்குள் போகும் டிப்பர்.

போருக்குப் பின் வன்னிக்கு மண் தேவைப்பட்டது உண்மை. வடக்கு கிழக்குக்கும் மலையகத்துக்குமான இந்திய வீட்டுத் திட்டம் மட்டும் 50,000 வீடு. ஏ9 வீதி புதிதாகப் போடப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. வீடு மணலால்தான் கட்ட முடியும். என் வீடும் ஆற்று மணலில்தான் நிற்கிறது. ஆனால் வீட்டுத் திட்டம் முடிந்த பிறகும் டிப்பர் குறையவில்லை. மண் ஊருக்குப் போகாமல் ஏ9ஆல் வெளியே போகத் தொடங்கியது. 2019 டிசம்பரில் மணல், கிரவல் ஏற்றிச்செல்ல அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று ஒரு முடிவு வந்ததே, நினைவிருக்கிறதா? மலிவாக மண் கிடைக்கும் என்றார்கள். சில நாட்களிலேயே ஆற்றங்கரைகள் சந்தை மாதிரி ஆகின.

கனகராயன் ஆறு இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. பேராறு முத்தையன்கட்டுக்கு. ஆற்று மணல் என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. மாரியில் குடித்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறுகளுக்கு விடுகிறது. அதை அள்ளினால் ஆறு ஆழமாகும், கரை இடியும், கரையில் நிற்கும் மருதமரம் விழும், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கீழே போகும். இதற்குப் பேராசிரியர் தேவையில்லை. ஆற்றோரம் தோட்டம் செய்கிற எவரும் சொல்வார்.

டிப்பர் வைத்திருப்பவர்களில் எங்கட ஆட்களும் இருக்கிறார்கள், தமிழ் ஆட்களும் இருக்கிறார்கள், தெற்கில் இருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். ஒளித்து என்ன? இந்த ஒரு தொழிலில் மட்டும் இன ஒற்றுமை பூரணமாக இருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் சரித்திரத்தில் இருந்து இரண்டு சம்பவங்கள். யெமனின் மஃரிப் பகுதியில் இருந்த ஓர் உப்புச் சுரங்கத்தை அப்யழ் இப்னு ஹம்மால் என்ற தோழர் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள். அவர் போன பிறகு அங்கிருந்த ஒருவர், அது வற்றாத தண்ணீரைப் போல எடுக்க எடுக்க வருவது என்று விளக்கினார். நபியவர்கள் கொடுத்ததைத் திரும்பப் பெற்றார்கள். ஒருவன் உழைத்துத் தோண்டி எடுக்க வேண்டியது வேறு, எல்லோருக்கும் தானாகக் கிடைப்பது வேறு. பின்னையதைத் தனி ஒருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று சட்ட அறிஞர்கள் இதில் இருந்து விளங்கிக்கொண்டார்கள்.

மற்றது ஹிமா. பொதுவுக்காக ஒதுக்கிப் பாதுகாத்த மேய்ச்சல் நிலம். கலீபா உமர் (ரழி) அவர்கள் ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனை என்பவரை நியமித்தபோது, சில ஆடு ஒட்டகம் மட்டும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் கவனமாக இரு என்று பணித்தார்கள். அவர்கள் இருவரும் யார்? பெரும் செல்வந்தர்கள், மதிப்புமிக்க தோழர்கள். அவர்களின் மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டம் துரவு உண்டு, ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வாசலில் வந்து நிற்பான் என்பது உமரின் நியாயம். எங்கள் காட்டில் நடப்பது தலைகீழ். விறகுக்காரனுக்கும் தேன் எடுப்பவனுக்கும் கோடு, பெரிய இயந்திரத்துக்குப் பத்திரம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியில் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மொனசைட்டைக் கண்டுபிடித்த நாள் தொட்டு அந்தக் கரை அள்ளப்படுகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையில் தனியார் அள்ளிய தாதுமணல் பெரும் பிரச்சினையாகி, 2013இல் தமிழ்நாடு அரசே தடை போட வேண்டி வந்தது. இந்தப் பக்கம் மன்னார்த் தீவில், ஆஸ்திரேலியக் கொம்பனி ஒன்று இல்மனைட் தேடத் தொடங்கியதில் இருந்து அங்குள்ள கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஒன்றாக வீதியில் நிற்கிறார்கள். கடல்மட்டத்தோடு கிடக்கும் தீவில் மண்ணை அள்ளினால் என்ன மிஞ்சும் என்பது அவர்கள் கேள்வி.

"அபிவிருத்தியும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும், சமநிலை காண வேண்டும்" என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். நல்ல பேச்சு. தராசை யார் பிடிக்கிறார்கள், தட்டில் எதை வைக்க மறந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன், உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். முதலில் காட்டின் கோடு திருத்தப்பட வேண்டும். 1984க்கும் 1990க்கும் முன் ஊராக, வயலாக இருந்த இடம் கோட்டுக்கு வெளியே வர வேண்டும், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரே அளவுகோலில். அப்படித் திருத்திய கோட்டுக்குள் பிறகு எவரும் தோண்டக் கூடாது. நாங்களும்தான். ஒரு கையில் "இது எங்கட பூர்வீகக் காணி, விடுங்கோ" என்ற மனு, மறுகையில் அதே காட்டில் கிரவல் வெட்ட ஆள் என்றால், அந்த மனுவை எந்த அதிகாரியும் மேசையின் அடியில் போட்டுவிடுவார். அவரைக் குறைசொல்லவும் வாய் இருக்காது. புல்மோட்டைக் கரையில் அள்ளுவது அலை கொண்டுவரும் அளவுக்குள் நிற்க வேண்டும். திட்டியைத் தொடக் கூடாது, முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது. வேலை வேண்டும் என்றால் வெண்தூள் ஆலையைக் கேளுங்கள். அது எத்தனையோ பேருக்கு வேலை கொடுக்கும்.

சட்டத்தில் எங்களுக்கு உள்ள கதவு சின்னது, ஆனால் இருக்கிறது. 1988இல் சுற்றாடல் சட்டத்தைத் திருத்தியபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு வந்தது. பெரிய அகழ்வுத் திட்டத்தின் அறிக்கை மக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்பட வேண்டும். யாரும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு சின்ன விளம்பரம் வரும். நாங்கள் அதைப் பார்ப்பது பெரும்பாலும் 31ஆம் நாள். இனி அந்த விளம்பரங்களைப் பார்க்கும் வேலையை எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்து இளையவர்கள் இருவர் ஏற்றிருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். 1990க்கு முந்திய காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வயல் பதிவுத் துண்டு, கரைவலைப் பாட்டுப் பத்திரம் எது இருந்தாலும், கறையான் அரித்த பாதித் துண்டு என்றாலும், ஒரு பிரதி எடுத்துப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுங்கள். தமிழ் உறவுகள் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுங்கள், நாங்கள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறோம். புல்மோட்டையில் இல்மனைட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற மாமாமாரிடம், அவர்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடற்கரையில் எடுத்த பழைய போட்டோ இருந்தால் அதையும். ஆட்கள் யார் என்பது முக்கியமில்லை. பின்னால் திட்டி எவ்வளவு உயரம், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் போதும்.